கண்ணாடியில் ஊரும் புள்ளிகள்: கடல் தொட்டியின் குட்டி ஓட்டுடலிகளை இனம் காண்பதும் பராமரிப்பதும்

உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும். கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்து, அதன்மேல் ஊசி முனையளவு வெள்ளைப் புள்ளிகள் ஊர ஆரம்பிக்கும். புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் பலர் இந்தக் கட்டத்தில் பயந்துபோய் மீன் மருந்து வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அந்த மருந்துகளில் பலவற்றில் இருப்பது தாமிரம். புள்ளிகள் மறுநாளே மறைந்துவிடும். கூடவே இறாலும் நத்தையும் செத்துப்போகும். பாறையும் மணலும் உறிஞ்சிக்கொண்ட தாமிரம் அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பாறையில் திரும்ப இறால் வளர்ப்பது பெரும்பாடு.

அதனால் முதல் விதி: என்னவென்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். அந்தப் புள்ளிகள் இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளிகளான ஓட்டுடலிகள். பெரும்பாலானவை சம்பளம் இல்லாத துப்புரவுப் பணியாளர்கள். மீன் தின்று சிந்தியதையும், கழிவையும், பாசியையும் தின்றுவிட்டு, கடைசியில் தாங்களே மீனுக்குத் தீனியாவார்கள். கெட்டவை இரண்டு மூன்று இனம்தான். அவற்றைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பார்ப்பதற்கு என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் நகை லென்ஸ் ஒன்று போதும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபம்: செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மைக்ரோஸ்கோப் தேவையில்லை. கூடவே ஒரு டார்ச், அதன் முகத்தில் ஒட்டச் சிவப்பு செலோபேன் தாள், ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, அதன் மூக்கில் செருக ஒரு சாண் ஏர் டியூப், உள்பக்கம் வெள்ளையான ஒரு பீங்கான் கிண்ணம்.

விளக்கு அணைந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பகலில் இவை பாறைப் பொந்துக்குள் இருக்கும். வெள்ளை டார்ச் அடித்தால் சட்டென்று ஒளிந்துகொள்ளும். சிவப்பு வெளிச்சம் இவற்றின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணாடியில் ஊருவதை முதலில் அப்படியே லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடையும் நீச்சலும் அங்கேதான் தெரியும். பிறகு சிரிஞ்சால் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டு உடம்பைப் பாருங்கள். ஊசியை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்தத் துளையில் ஆம்பிபாட் நசுங்கிப்போகும், நசுங்கியதை வைத்து எதையும் அடையாளம் சொல்ல முடியாது.

அசையவே அசையாத வெள்ளைப் புள்ளியாக இருந்து, நகத்தால் சுரண்டினால் நறநறவென்று பெயர்ந்தால், அது ஓட்டுடலியே அல்ல. லென்ஸில் குட்டிச் சுருள் நத்தை மாதிரி தெரியும். அது குழாய்ப் புழு. தீங்கில்லை, விட்டுவிடலாம்.

நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது

கண்ணாடியில் விட்டு விட்டுத் துள்ளி ஓடுவது கோப்பிபாட். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரவைத் துகளைவிடச் சின்னது. முன்பக்கம் அகன்று பின்பக்கம் கூம்பிய கண்ணீர்த் துளி வடிவம், வாலில் இரண்டு முடி, தலை நடுவில் ஒற்றைக் கண். லென்ஸில் பார்க்கும்போது சிலவற்றின் வால்பக்கம் உருண்டையாக ஒரு மூட்டை தொங்கும். அது முட்டைப் பை. பை தொங்கும் பெண்கள் நிறையக் கண்ணில் பட்டால், தொட்டி நல்லபடியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு டெஸ்ட் கிட் சொல்லாததை அந்தப் பை சொல்லும். வெளிறிய நிறத்தில் கண்ணாடியோடு ஒட்டி ஓடுவது அனேகமாக டிஸ்பே வகை. ஆரஞ்சு நிறத்தில், கொஞ்சம் பெரிதாக, தண்ணீரில் துள்ளி நீந்துவது டிக்ரியோபஸ். இது கண்ணில் படும்படி நீந்துவதால் மீன்கள் சீக்கிரம் பிடித்துத் தின்றுவிடும். தொட்டியில் நிலைத்துக் குடியேற வேண்டுமானால் டிஸ்பேதான் சரி.

எள்ளுக்கு இரண்டு ஓடு போட்டது போல் இருந்து, மணல்மேல் உருண்டு உருண்டு போவது ஆஸ்ட்ரகாட். விதை இறால் என்றும் சொல்லலாம். இதைப் பற்றி வேறு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பாறை இடுக்கிலிருந்து பக்கவாட்டில் படுத்தபடி விறுவிறுவென்று ஓடுவது ஆம்பிபாட். 3 முதல் 15 மி.மீ. வரை வளரும். உடம்பு இடமும் வலமும் அமுக்கப்பட்டு, முதுகு வில்லாக வளைந்திருக்கும். தாய் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும். பை திறக்கும்போது பெரியவற்றின் அச்சு அசலான குட்டி வடிவங்கள் வெளியே வரும். பவளத்துக்கு உறவான, கொத்தாக வளரும் ஜோயாந்திட்டின் மொட்டுகளைச் சுற்றி ஆம்பிபாட் கூட்டத்தைப் பார்த்ததும் அதுதான் கடிக்கிறது என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் அந்த மொட்டு வேறு காரணத்தால் ஏற்கெனவே அழுகியிருக்கும், இவை அழுகலைத் தின்ன வந்திருக்கும். தீனியே இல்லாத தொட்டியில் பட்டினி கிடந்தால் நல்ல சதையையும் சுரண்டலாம், அது அபூர்வம்.

தண்ணீரில் அந்தரத்தில் கூட்டமாக நின்று, தொட்டால் பின்பக்கம் சரேலென்று போவது மைசிட். பெரிய கருங்கண்ணும் கண்ணாடி போன்ற உடம்பும் கொண்ட குட்டி இறால் மாதிரி இருக்கும். ரெஃப்யூஜியத்தில், அதாவது தொட்டியோடு இணைந்த மீன் இல்லாத தனி அறையில், மைசிட் தங்கினால் அது வரப்பிரசாதம்.

ஐசோபாட் என்ற பெயரைக் கேட்டதும் வலையில் படம் தேடிப் பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குக் கீழே நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. ஆம்பிபாட் பக்கவாட்டில் அமுங்கியது என்றால், ஐசோபாட் மேலிருந்து கீழாக அமுங்கியது. தோட்டத்தில் ஈரக் கல்லைப் புரட்டினால் தென்படும் சாம்பல் நிறப் பூச்சி இதே குடும்பம்தான். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஐசோபாட் பாசி தின்னி. ஒன்றிரண்டு மி.மீ. அளவில் சிலந்தி மாதிரி நீளக் கால்களோடு கண்ணாடியில் ஓடுவது முன்னிட் வகை, அதுவும் சாது.

உண்மையிலேயே கெட்டவை

சிரோலானிட் ஐசோபாட்தான் வில்லன். 5 முதல் 15 மி.மீ. வரை, வழவழப்பான நீள்வட்ட உடம்பு, தலையின் இரு ஓரத்திலும் பெரிய கருங்கண், பின்னால் விசிறி வால். சுருளாது. கிண்ணத்தில் விட்டால் ஊர்ந்துகொண்டிருக்காமல் தண்ணீரில் நேர்கோட்டில் வேகமாக நீந்தும். இந்த நீச்சலை ஒருமுறை பார்த்தால் மறக்காது. இரவில் தூங்கும் மீனின்மேல் ஏறிக் கடித்து இரத்தம் குடித்துவிட்டு, வயிறு நிறைந்ததும் உதிர்ந்து மணலுக்குள் போய்விடும். காலையில் மீனின் தலை, கண், துடுப்படியில் சிவந்த புண் மட்டும் இருக்கும், ஆளைக் காணோம்.

மீன்மேல் ஒட்டியிருக்கும்போதே பார்த்துவிட்டால் மீனைப் பிடித்து, தொட்டியின் அதே வெப்பநிலைக்கும் பிஎச்சுக்கும் கொண்டுவந்து ஏர் விட்ட ஆர்ஓ தண்ணீரில் 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். பெரும்பாலும் ஐசோபாட் விட்டுவிடும். விடாவிட்டால் இடுக்கியால் அதன் உடம்பைப் பிடித்து மெதுவாக எடுக்கலாம். மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தால் நேரம் பார்க்காமல் உப்புத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள்.

தொட்டியில் மிச்சம் இருப்பதற்குப் பொறி வையுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல் ஆயிற்று. உள்ளே சுண்டுவிரல் நகம் அளவு பச்சை இறால் துண்டும், மூழ்குவதற்கு ஒரு கல்லும். விளக்கு அணைந்தபின் மணல்மேல் வைத்து, விடியுமுன் எடுங்கள். எடுக்கும்போது புனல் வாயை விரலால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிடித்ததெல்லாம் திரும்ப ஓடிவிடும். பொறியில் ஆம்பிபாட், புழு, நத்தை எல்லாம் விழும். அவற்றைத் திரும்ப விட்டுவிடுங்கள்.

ஒன்றே ஒன்று அகப்பட்டு, அடுத்த இரண்டு வாரம் பொறியும் காலி, மீனும் சுத்தம் என்றால் தப்பித்தீர்கள். தொடர்ந்து அகப்பட்டால் மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி, மூன்று மாதமாவது இந்தத் தொட்டியை மீனில்லாமல் விட வேண்டும். அந்தக் காலத்தில் இறைச்சித் தீனி போடக் கூடாது. இது பிணத்தையும் தின்று உயிரோடு இருக்கும்.

இரண்டாவது, கடல் சிலந்தி. கணக்குப்படி இது ஓட்டுடலியே அல்ல. ஆனால் முன்னிட் ஐசோபாட்டோடு குழப்பிக்கொள்வதால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னிட் கண்ணாடியில் சுறுசுறுப்பாக ஓடும், கால் பதினான்கு. கடல் சிலந்தி ஜோயாந்திட் கொத்துக்குள் சோம்பேறியாக உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் கால் எட்டு, உடம்பு என்று சொல்லும்படி ஒன்றுமே இருக்காது. இது ஜோயாந்திட்டை உறிஞ்சித் தின்னும். மொட்டுகள் காரணமில்லாமல் நாள்கணக்கில் மூடியே கிடந்தால் இரவில் லென்ஸோடு தேடுங்கள். இடுக்கியால் பொறுக்க வேண்டியதுதான், அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி.

மூன்றாவது, அக்ரோபோரா பவளத்தில் ஒட்டும் சிவப்புப் பூச்சி. அரை மி.மீ., மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டு. இதுவும் கோப்பிபாட் இனம்தான். இதற்கு நாய்களுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரையைத் தொட்டியில் கரைக்கச் சொல்லும் குறிப்புகள் வலையில் கிடைக்கும். அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. ஓட்டுடலி அத்தனையும் ஒரே இரவில் செத்து அழுகினால் அம்மோனியா ஏறும். முதன்மைத் தொட்டியில் புதியவர் செய்யக்கூடிய வேலை இல்லை இது. தவிரவும், அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுத்த கல் பவளத்தையோ, மன்னார் வளைகுடாப் பாறை என்று சொல்லி விற்கும் உயிர்ப்பாறையையோ வாங்காதீர்கள். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும்.

வீட்டுக்குள் இருக்கும் விஷம்

மற்ற வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிப் போகும் இடம் இது. ஓட்டுடலிகள் ஒரே நாளில் காணாமல் போனால் தொட்டியைவிட வீட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கொசு விரட்டும் திரவம், சுருள், ஸ்ப்ரே பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை. பூச்சிக்காக உருவாக்கிய விஷம். பூச்சிக்கு நெருங்கிய சொந்தமான ஓட்டுடலிக்கும் அது விஷம்தான். ஏர் பம்ப் அறையின் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை யோசியுங்கள். தொட்டி உள்ள அறையில் கொசுவர்த்தி வேண்டாம், வலை கட்டிக்கொள்ளுங்கள். டெங்கு சமயத்தில் தெருவில் புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தி, ஏர் பம்பையும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரையும் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். சுழல் பம்ப் ஓடட்டும். பிறகு தண்ணீரில் கலந்ததை உறிஞ்சப் புதிய கார்பன் போடுங்கள்.

இன்னொன்று, ஆர்ஓ தண்ணீர் டிரம். கொசுப்புழுவைப் பார்க்க வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் திறந்து கிடக்கும் தண்ணீரில் அபேட் மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அவர்கள் வேலை அது. ஆனால் அபேட்டில் இருக்கும் டெமிபாஸ் என்ற விஷம் கோப்பிபாட்டையும் கொல்லும். டிரம்முக்கு இறுக்கமான மூடி போட்டு, உப்புத் தொட்டித் தண்ணீர் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

செம்புக் குடம், பித்தளை அண்டா, பித்தளைக் குழாய் இவற்றில் நின்ற தண்ணீர் மனிதருக்கு நல்லதாக இருக்கலாம், தொட்டிக்கு ஆகாது. பிளாஸ்டிக் குடம் மட்டும்.

தண்ணீர் விஷயத்தில், சேலம் மாநகராட்சிக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. மாக்னசைட் என்ற வெள்ளைக்கல் கிடைக்கும் பூமி இது. இரண்டையும் ஆர்ஓவும் அதற்குப் பின் மிச்ச உப்பையும் பிடிக்கும் டிஐ குடுவையும் தாண்டவிட்டு, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டினால் மட்டும் உப்பு கலக்குங்கள். குடிநீருக்கு மாட்டும் வீட்டு ஆர்ஓ போதாது. அதில் டிடிஎஸ் 40, 50 என்று நிற்கும், சிலவற்றில் சுவைக்காகத் தாதுவும், செம்புக் குடுவையும்கூட வைத்திருப்பார்கள்.

குடியேற்றுவது, பெருக்குவது

செயற்கைப் பாறையும் காய்ந்த மணலும் வைத்து ஆரம்பித்த தொட்டியில் இவை தானாக வராது. வளர்ப்பவரிடமிருந்து ஒரு பாட்டில் டிஸ்பே வாங்கலாம், அல்லது நம்பிக்கையான ஒருவர் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி கீட்டோமார்பா பாசி வாங்கலாம். பாசியோடு வேண்டாததும் வரும் என்பதால் தனி வாளியில் இரண்டு வாரம் வைத்து, இரவில் பார்த்துவிட்டு விடுங்கள். ஜோயாந்திட் ஒட்டி விற்கும் சின்னக் கட்டையும் (பிளக்) அப்படியே. மருந்துக் குளியல் கொடுத்தாலும் முட்டை சாகாது. ஏழு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

விடும் நேரம் இரவு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனபின், பழுப்புப் பாசி வந்தபின்தான். பாட்டில் தண்ணீரின் உப்பு அளவைச் சோதித்து, வித்தியாசம் இருந்தால் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் சேருங்கள். சுழல் பம்பை அரை மணி நேரம் நிறுத்தி, பாறை அடிவாரத்தில் சிரிஞ்சால் விடுங்கள். ஸ்கிம்மரை விடியும்வரை நிறுத்தலாம். யூவி விளக்கும் பில்டர் சாக்ஸும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

தங்குவதற்கு இடம் வேண்டும். விரல் அளவு பாறைத் துண்டுகளை ஒரு மூலையில் குவித்து வையுங்கள். அந்த இடுக்குக்குள் மீன் வாய் நுழையாது. சோப்பு படாத புதிய பிளாஸ்டிக் நார் ஸ்கிரப்பரும் வேலை செய்யும். கம்பி நார் கூடாது. பின் கண்ணாடியைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள், அழகு குறைந்தாலும்.

பெருகுகிறதா என்று தெரிய, பின் கண்ணாடியில் வெளிப்பக்கம் 5 செ.மீ. சதுரம் ஒன்று மார்க்கரால் வரைந்து, வாரம் ஒருமுறை அதே நேரத்தில் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் எண்ணிக் காலண்டரில் எழுதுங்கள். எத்தனை என்பது முக்கியமில்லை. போன வாரத்தில் பாதி ஆகிவிட்டதா என்பதுதான் முக்கியம். முதல் சில மாதங்களில் கண்ணாடி வெளுக்கும் அளவுக்குப் பெருகிப் பின் தானாகவே குறையும். பாசி தீர்ந்ததால் வரும் குறைவு அது, நோய் இல்லை. ஆம்பிபாட் அளவுக்கு மீறிப் பெருகினால் நீங்கள் தீனி அதிகம் போடுகிறீர்கள். தீனியைக் குறையுங்கள், மருந்து தேடாதீர்கள்.

வீட்டிலேயே வளர்க்க 5 லிட்டர் கேன் இரண்டு போதும். ஒன்று கெட்டாலும் ஒன்று தப்பும். உப்பு அளவு ஒப்படர்த்தியில் 1.025, ஏர் டியூப் முனையில் கல் மாட்டாமல் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி. நுண்பாசிக் கரைசலை இளநீர்க்காய் ஓட்டின் வெளிர்ப் பச்சை வரும்வரை ஊற்றுங்கள்; தண்ணீர் தெளிந்தபின் அடுத்த ஊற்று. தெளியும் முன்னே ஊற்றினால் அடியில் அழுகி நாற்றம் வரும், கேன் போய்விட்டது என்று அர்த்தம். கேனில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போட்டு, குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். மூன்று வாரம் கழித்து வாரம் கால் பங்கு எடுத்து, 53 மைக்ரான் வலையில் வடித்துத் தொட்டியில் விடலாம். தேநீர் வடிகட்டியில் எல்லாம் ஓடிவிடும்.

சேலம் வெயிலும் ஏற்காடு குளிரும்

ஏப்ரல், மே மாதங்களில் மூடிய அறையில் தொட்டி 31, 32 டிகிரியைத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. விடியற்காலையில்தான் மிகக் குறைவு. கோப்பிபாட் கேன் தொட்டிக்கு முன்னாலேயே கெடும். மேற்பரப்பில் சின்ன விசிறி வைத்தால் நம் ஊர் வறண்ட காற்றில் 2, 3 டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீரும் அதே வேகத்தில் வற்றும். காலை மாலை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளை முன்னாலேயே தெரிந்துகொண்டு, பேட்டரி ஏர் பம்பைச் சார்ஜ் போட்டு வையுங்கள். அன்று மீனுக்குத் தீனி போடாதீர்கள்.

ஏற்காட்டில் கதை தலைகீழ். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டி 20க்குக் கீழே போகும். கோப்பிபாட் சாகாது, பெருகுவது நின்றுபோகும். 100 லிட்டருக்கு 100 முதல் 150 வாட் ஹீட்டர் போட்டு 25இல் வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே காற்றழுத்தம் குறைவு. அதே 25 டிகிரியில் கடல் மட்டத்தில் கரைவதைவிட ஆக்சிஜன் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி பம்ப் வையுங்கள். உப்பு வாளியை இறுக மூடுங்கள். மூடுபனியில் இரண்டே நாளில் கட்டி தட்டும்.

மாண்டரின் மீன் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அது விழித்திருக்கும் நேரமெல்லாம் பாறையில் கோப்பிபாட் கொத்திக்கொண்டே இருக்கும் மீன். பெரும்பாலும் வேறு தீனி தொடாது. 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியிலும், ஆறு மாதம் ஆகாத தொட்டியிலும் மெலிந்தே சாகும். மேலிருந்து பார்க்கும்போது தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போயிருந்தால் பட்டினி. காலண்டரில் எழுதிய எண்ணிக்கை நாலு மாதமாவது இறங்காமல் நின்றிருக்க வேண்டும். அதுவரை கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.